நாற்பதடி தள்ளி நட்ட கம்பம்

தப்புச் செய்கிறவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். செய்த தப்பை யாரும் கேட்காமலே, நாலு பேர் நிற்கிற இடமாகப் பார்த்துச் சொல்லுகிற ஆளை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் காண்ட்ராக்ட் தொழிலில். அங்கே தப்பு என்பது எப்போதும் முந்தைய ஆள் செய்தது. அவன் அகப்படாவிட்டால் சாமான் அனுப்பிய கம்பெனி செய்தது. அதுவும் இல்லாவிட்டால் மழை செய்தது.

ஆறேழு வருடம் முன்னால் அவிநாசியில் ஒரு சின்னக் காண்ட்ராக்ட் ஆபீசில் வேலை பார்த்தேன். சுற்றியிருக்கிற கிராமங்களுக்கு சோலார் தெருவிளக்குப் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். அவர் அங்கே கம்பம் நடும் ஆட்களுக்கு மேஸ்திரி. விளக்குக் கம்பத்தைப் போஸ்ட்டு என்பதுதான் வழக்கம் என்பதால் அவரை எல்லாரும் போஸ்ட்டண்ணன் என்றே கூப்பிட்டோம். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் காதில் விழும்.

என் வேலை போட்டோ எடுப்பது. நட்ட ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் நின்று, அந்த இடம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்கிற எண்ணும் சேர்ந்து விழுகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். லிஸ்டில் இருக்கிற இடமும் படத்தில் இருக்கிற இடமும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் என்ஜினியர் என்னைக் கூப்பிட்டுத்தான் கத்துவார். போஸ்ட்டண்ணனோடு வேலை செய்த காலத்தில் நான் வாங்கிய கத்தல் கொஞ்சநஞ்சமில்லை.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், வெயிலில் காய்ந்து கறுத்த கழுத்து, தோளில் ஒரு துண்டு, காலில் எப்போதும் ஒரு அளவு பெரிய செருப்பு. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. கொங்கு ஆட்கள் எல்லாருக்குமே பேச்சில் 'ங்க' சேர்ந்துதான் வரும் என்றாலும் இவர் அதில் ஒரு படி மேலே. குழி தோண்டுகிற இடத்தில் நாய் படுத்திருந்தால் அதையும், "சித்தே அக்கட்ட போய்ப் படுத்துக்குங்க சாமி" என்பார். நாயும் எழுந்து போகும். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி வேலைக்காக இங்கே வந்து இருபது வருடம் ஆன பிறகும் எங்கள் பேச்சில் ஒரு அதட்டல் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அவர் பேசுவதைக் கேட்டு முதல் ஒரு மாதம் எனக்குச் சிரிப்பாக வந்தது.

அவருடைய அந்தக் குணத்தை முதலில் பார்த்தது ஒரு நிட்டிங் கம்பெனி வாசலில். அந்த ஊரில் நாங்கள் போட்ட விளக்குகள் எல்லாம் எரிந்தன. கம்பெனிக்கு எதிரில் போட்டது மட்டும் எரியவில்லை. இந்த விளக்குகளுக்கு ஸ்விட்ச் கிடையாது. தலைக்கு மேல் சோலார் தகடு, அதற்குக் கீழே விளக்கு. தகட்டில் வெளிச்சம் விழுவது நின்றால் பொழுது சாய்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு விளக்கு தானாக எரியும். பேட்டரி போய்விட்டது, சாமான் மோசம் என்று என்ஜினியர் ஏற்கெனவே கடிதம் எழுதிவிட்டார். வார்டு மெம்பர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றார்.

போஸ்ட்டண்ணன் பொழுது மங்குகிற நேரத்தில் ஏணியைச் சாய்த்து மேலே ஏறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தகட்டின் மேல் போர்த்தினார். விளக்கு எரிந்தது. துண்டை எடுத்தார். அணைந்தது. கம்பெனி கேட்டில் இருந்த பெரிய ஃபோகஸ் லைட் நேராகத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. விளக்கு அதைப் பகல் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

ஏணி மேல் நின்றபடியே சொன்னார்: "சாமான் மேல தப்பில்லீங்க. கம்பெனிக்காரங்க மேலயும் தப்பில்லீங்க. நான் பகல்ல வந்து நட்டுப்போட்டுப் போயிட்டனுங்க. பொழுதோட இங்க என்ன லைட்டு எரியும்னு ஒரு வார்த்தை கேக்கோணும்னு எனக்குத் தோணலீங்க. தப்பு என்ரதுதானுங்க."

சண்டைக்கு வந்த மெம்பர் கடைசியில் டீ சொன்னார். மறுநாள் ஆபீசில் என்ஜினியர் குதித்தார். "சாமான் ஃபால்ட்டுன்னு நான் எழுதியாச்சு. உங்கள யாருங்க ஏணில ஏறிப் பிரசங்கம் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார். போஸ்ட்டண்ணன், "அதுவும் சரிதானுங்க" என்றார். அந்த வாரமே கம்பத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டார். நான் மறுபடியும் போய்ப் படம் எடுத்தேன்.

போகப் போகத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவருடைய பழக்கம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பழைய தப்பு கிடந்தது. வண்டியில் எப்போதும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி இருக்கும். வேலை முடிந்த ஊரில் ஒரு நீள மூங்கிலின் நுனியில் அந்தத் துணியைச் சுற்றிக் கட்டி, "மாசம் ஒருக்கா தொடைச்சு உடுங்க" என்று யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஏன் என்று கேட்டேன். முன்பு ஒரு ஊரில் கழிவுப் பஞ்சுக் குடோனுக்குப் பக்கத்தில் கம்பம் நட்டாராம். பஞ்சுத் தூசி தகட்டில் படிந்து, பனியில் நனைந்து, காய்ந்து, கம்பளி மாதிரி ஆகிவிட்டதாம். "மூணு மாசம் அந்த ஊரு இருட்டுல கெடந்துதுங்க. அதும் என்ர தப்புதானுங்க" என்றார்.

இன்னொரு பழக்கம், எந்த ஊருக்குப் போனாலும் குழி தோண்டுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி. "ஏனுங்க, இந்த ஊருல கடைசியா ஊடு சேர்றது யாருங்க?" ஆண்கள் சிரிப்பார்கள். ஒயின்ஷாப்பிலிருந்து வருகிறவர்களின் பெயர்களைச் சொல்வார்கள். குழாயடியில் நிற்கிற பெண்களுக்குத்தான் சரியான பதில் தெரியும். எந்தக் கம்பெனி வேன் எத்தனை மணிக்கு வரும், யார் கடைசி ஸ்டாப்பில் இறங்குவார்கள், எந்தச் சந்தில் நடப்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அவர் அந்தச் சந்தை ஒரு தடவை நடந்து பார்ப்பார்.

அந்தக் கேள்விக்கு அடியிலும் ஒரு தப்பு. ஒரு ஊரில் லிஸ்டில் போட்டிருந்தபடி கோயில், சமுதாயக் கூடம், பெரிய வீடுகள் என்று நட்டு முடித்துவிட்டார். வேன் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே வரும் சந்து இருட்டாகவே இருந்தது. தையல் மெஷினில் வேலை பார்க்கிற ஒரு பெண் அங்கே வெட்டிப் போட்டிருந்த சாக்கடைக் குழியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். லிஸ்டு போட்டது நீங்களா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். "லிஸ்டு போட்டது நானில்லீங்க அம்மணி. கம்பத்த நட்டவன் நாந்தானுங்களே."

இதையெல்லாம் கேட்டு எனக்கு வந்தது பாதி மரியாதை, பாதி எரிச்சல். எங்கள் வீட்டில் யாரும் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்புதான் சரியில்லை. இந்த மனுஷனோ ஊரில் கிடக்கிற தப்பையெல்லாம் தேடிப் பிடித்துத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார், இதிலும் ஒரு பேராசை இருக்குமோ என்று தோன்றும். அவரிடமே கேட்டிருக்கிறேன். "ஏண்ணே, எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா மத்தவங்களுக்கு என்ன மிச்சம்?" அவர் யோசித்துவிட்டு, "சொல்லிப்போட்டா அடுத்து என்ன செய்யோணும்னு தெரிஞ்சு போகுதுங்க. மறைச்சு வெச்சா மறைக்கற வேலதான் மிச்சமாகுது" என்றார்.

அவர் வாய் திறக்க முடியாமல் போனது ஒரே ஒரு ஊரில்.

அவிநாசிக்கு வடக்கே, கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற ஊர். புது மாதிரி விளக்குகள் அப்போதுதான் வந்திருந்தன. பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்புத் தாள். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. புதுச் சாமான் வந்தால் என்னைத்தான் படித்துச் சொல்லச் சொல்வார். அன்று எனக்குப் பசி. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் நாலு வரியைப் படித்தேன். எத்தனை வாட், எத்தனை அடி உயரம், தகடு எந்தத் திசை பார்க்க வேண்டும்.

"வேற ஒண்ணும் போடலீங்களா அம்மணி?"

"அவ்ளோதாண்ணே."

இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. தாளை மடித்துப் பெட்டிக்குள்ளேயே திணித்தேன்.

அந்த ஊர்க் குழாயடியில் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெண்கள் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வேன் ஏழரைக்கு இறக்கிவிடும். ஆனால் வீடு சேரும்போது எட்டேகால் ஆகிவிடும் என்றார்கள். சொல்லும்போது ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வேன் நிற்கிற இடத்திலிருந்து அவள் வீடு பத்து நிமிட நடைகூட இல்லை. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்று முடிவுகட்டி, வண்டியில் அவரிடம் சொல்லவும் செய்தேன். "நமக்கெதுக்குங்க அது" என்றார்.

மறுநாள் காலையில் ஏழு மணிக்கு வேன் வருமுன் அந்த இடத்தில் போய் நின்றோம். முப்பது வயதுப் பெண். கையில் டிபன் பை, தலையில் நனைந்த கூந்தலை முடிந்திருந்தாள். விளக்குப் போடப் போகிற விஷயத்தை அவர் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அண்ணா, எங்க ஊட்டுக்கு எதுத்தாப்பல சந்து மொனையில போஸ்ட்டு வருதுன்னாங்க. அங்க மட்டும் போடாதீங்கண்ணா. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண். அந்தச் சந்தின் உள்ளே கடைசி வீடு அவளுடைய அப்பா வீடு. அம்மா இல்லை. மூன்று வருடம் முன்னால் நாத்தனார் கல்யாணத்தில் தன்னைச் சரியாக வரவேற்கவில்லை என்று அப்பா பந்தியில் உட்காராமல் எழுந்து போய்விட்டார். அந்த அவமானத்தை மாமியார் மறக்கவில்லை. சம்பந்தி வீட்டு வாசற்படியை மருமகள் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது.

"மத்தியானம் பக்கத்தூட்டு அம்மா கஞ்சி குடுத்துருவாங்க. பொழுதோடதாண்ணா ஆளில்ல. அவுரு கையால எடுத்துத் திங்க முடியாது. நான் வேன்ல எறங்கி, சந்துக்குள்ள பூந்து, ரெண்டு வாய் ஊட்டிப்போட்டு வந்தர்றேன். வேன் லேட்டுன்னு சொல்லிக்கறேன். எங்கூட்டுக்காரரு அவங்கம்மா பேச்சத் தாண்ட மாட்டாரு. லைட்டு வந்தா எங்கத்தைக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

வேன் வந்துவிட்டது. ஏறும்போதும் திரும்பி அவரைக் கும்பிட்டாள். முந்தின நாள் நான் பேசியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அவருக்கு அது லேசான விஷயமில்லை. அந்தச் சந்தில் இன்னும் நாலு வீடு இருந்தது. பாம்பு நடமாட்டம் உண்டு. விளக்கே போடாமல் விட முடியாது. சந்துக்குள் இரண்டு தடவை நடந்தார். முனையில் நட வேண்டிய கம்பத்தை நாற்பதடி உள்ளே தள்ளி, ஒரு வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் நட்டார். உள்ளே நாலு வீட்டுக்கும் வெளிச்சம் வரும், முனை இருட்டாகவே இருக்கும், மாமியார் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் விளக்கை மரம் மறைக்கும். என்ஜினியர் என் படத்தைப் பார்த்துவிட்டு ஏன் இடம் மாறியிருக்கிறது என்று கேட்டபோது போஸ்ட்டண்ணன், "மொனையில தோண்டுனா பாறைங்க" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்க்க இரண்டு பேரும் பொழுது சாய அந்த ஊருக்குப் போனோம். எரிகிற விளக்கையும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சந்துக்குள் விளக்கு மங்கலாக, ஜீரோ வாட் பல்பு அளவுக்கு எரிந்தது. என்ன இது என்று நான் இரண்டு அடி எடுத்து வைத்தேன். பளீரென்று முழு வெளிச்சம் வந்தது. என் நிழல் சந்து முழுக்க நீண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த சுவரில் போய் நின்றது. அது அவளுடைய மாமியார் வீட்டுச் சுவர்.

ஆள் வந்தால் மட்டும் முழு வெளிச்சம் கொடுக்கிற சென்சார் வைத்த விளக்கு அது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று செய்தது. நான் படிக்காமல் விட்ட இரண்டு பக்கத்தில் இருந்தது அதுதான்.

பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து எங்களிடம் சொன்னார். "விளக்கு எரிய ஆரமிச்ச அன்னிக்கே மாமியாக்காரி பாத்துப்போட்டாளுங்க. ஆராச்சும் நடந்தா வெளிச்சம் அடிக்குது, செவுத்துல டிபன் பையோட நெழல் தெரியுது. அன்னிக்கிருந்து அந்தப் புள்ளைய உடறதில்ல. வேன் ஸ்டாப்புக்கே ஆள் போய்க் கூட்டியாந்தர்றாங்க. நானும் பொழுதோட தோட்டத்து வேலைக்குப் போயர்றேன், இப்பக்கூட அதுக்குத்தான் கெளம்பறேன். பெரியவரு அஞ்சாறு நாளா ராச்சாப்பாடு இல்லாமத்தான் படுத்துக்கறாரு."

போஸ்ட்டண்ணன் திரும்பி மாமியார் வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். தப்பு என்னுடையது என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அண்ணே, நீங்க போய்ச் சொன்னா, அவ நம்மகிட்ட வந்து கேட்டதும் சேர்ந்துல்ல வெளிய வரும்? அவளுக்கு இன்னும் மோசமாப் போயிரும்ணே." அவர் நின்றுவிட்டார். திரும்பி வந்து வண்டியின் சீட்டில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பற்றி நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போவார்; மனைவி சோறு கட்டிக் கொடுக்கிற தூக்குப்போசியை மாட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போவார். முதல் நாள் பெரியவரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாராம்: "நான் லைட்டுப் போட்டவனுங்க. என்னாலதான் உங்க பொண்ணு வர முடியாமப் போச்சுங்க. அதனால சோறு நான் கொண்டாந்தனுங்க." பெரியவர் அவரையே பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போனவர் அல்லவா. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ரசஞ்சோற்றுக்கு வாயைத் திறந்தார்.

இது ஆபீசில் தெரிந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தாலும் போனார். ஞாயிற்றுக்கிழமையும் போனார். தூரமாக அமராவதி நகர்ப் பக்கம் இரண்டு நாள் வேலை வந்தபோது மனைவியைப் பஸ்ஸில் அனுப்பினார்.

ஊர் சும்மா இருக்குமா? அவர் சந்துக்குள் நுழைகிறபோதெல்லாம் விளக்கு பளீரென்று எரியும். வெள்ளைச் சுவரில் தூக்குப்போசியோடு ஒரு ஆளின் நிழல் போகும். அந்தச் சுவர்க்காரி அதைத் தினமும் பார்த்தாக வேண்டும். குழாயடியில் அவளிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஏனுங்க்கா, உங்க சம்பந்திக்கு அவிநாசியிலிருந்து சோறு வருதாமா? ஆரோ ஒறம்பரைங்களா, சொந்தமுங்களா?" ஒரு மாதம் தாங்கினாள். அதற்கு மேல் முடியவில்லை. இரக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி, அவள் மருமகளைக் கூப்பிட்டு, "ஊரான் ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு எங்க மானத்தையல்ல வாங்கறாரு உங்கொப்பன்! போ, போய் நீயே போட்டுப்போட்டு வா" என்று கத்தியிருக்கிறாள். சோற்றையும் அவளேதான் போட்டுக் கொடுத்தாளாம்.

அன்று தற்செயலாக நானும் அவரோடு இருந்தேன். அந்த ஊரில் ஒரு படம் சரியாக ஏறாமல் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அவர் பெரியவருக்கு இரண்டாவது வாய் ஊட்டிக்கொண்டிருந்தபோது வெளியே விளக்கு எரிந்தது. அவள் டிபன் பையோடு வாசலில் வந்து நின்றாள். ஆறு வாரமாகப் பார்க்காத அப்பா. பெரியவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பேச்சில்லை, வெறும் சத்தம். போஸ்ட்டண்ணன் சட்டென்று எழுந்து அவளுக்கு இடம் விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சோற்றைப் பிசைந்தாள், ஊட்டினாள். போஸ்ட்டண்ணன் வாசலில் போய்த் தூக்குப்போசியைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். பிறகு உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவு ஓரமாக நின்று, இத்தனை நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை அவளிடம் சொன்னார்.

"அம்மணி, அது ஆள் நடந்தா எரியற லைட்டுங்க. நான் பாக்காம நட்டுப்போட்டேன். நீங்க நம்பிச் சொன்னீங்க, நான் கெடுத்துப்போட்டேன். தப்பு என்ரதுதானுங்க."

அவள் திரும்பவில்லை. "ஆறு வாரமுங்கண்ணா. அதா, எங்கூட்டு வாசல்ல நிண்ணா இந்தக் கதவு தெரியுது. தெனமும் நீங்க உள்ள போறதப் பாத்துட்டே நிண்ணேன்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"ஓவர்டைம் இருந்தா வேன் பத்து மணிக்குத்தான் வருமுங்க. அந்த அன்னிக்கு மட்டும் நீங்க வந்துட்டுப் போறீங்களாண்ணா?"

"என்னென்னிக்குன்னு சொல்லீருங்க கண்ணு" என்றார்.

மொபெட்டில் திரும்பி வந்தோம். அவர் ஓட்ட, நான் பின்னால். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்குத் தைரியம் வந்தது. குறிப்புத் தாள், பசி, படிக்காமல் விட்ட இரண்டு பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்று அந்த வார்த்தையையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை சொன்னதால் நாக்கு குழறியது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். திட்டப் போகிறார் என்று இறங்கி நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, ஒரு பெரிய ஆச்சரியம்தான் இருந்தது.

"அட, அப்பவே சொல்லீருந்தீங்கன்னா நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வந்திருக்கலாமுங்களே அம்மணி. தெனமும் நானே வந்து, என்ர ஊட்டுக்காரிக்கும் எத்தன செரமம்."

அடுத்த ஓவர்டைம் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குச் சோறு கொண்டுபோனது நான். பெரியவர் இரண்டு வாய் வாங்கிவிட்டு, எங்கள் ஊர்க் குழம்பின் காரம் தாங்காமல் தண்ணீர் கேட்டார்.